ஆற்றங்கரையில் நான்காவது பலகை

2024 மார்ச் 14, மாண்ட்கோமரி

காலையிலேயே நினைவிடத்துக்குப் போய்விட்டேன். அமெரிக்காவின் அலபாமா மாநிலத் தலைநகரான இந்த ஊரைப் பார்த்தபடி இருக்கும் மேட்டில், ஆறு ஏக்கர் பரப்பு. 1877 முதல் 1950 வரை வெள்ளையர் கும்பல்கள் லிஞ்சிங் செய்து, அதாவது விசாரணையே இல்லாமல் தாங்களே தண்டனை என்று தூக்கிலிட்டோ வேறு விதமாகவோ கொன்ற கறுப்பின மக்களுக்காக 2018இல் திறந்தார்கள். பதிவானவர்கள் மட்டும் 4,400க்கு மேல். கொலை நடந்த ஒவ்வொரு கவுண்டிக்கும் (நம் மாவட்டம் போன்றது) ஒன்றாக 800க்கும் அதிகமான துருநிற எஃகுத் தூண்கள்.

முதலில் அவை ஆள் உயரத்தில் இருக்கின்றன. பெயர்களை முகத்துக்கு நேரே வாசிக்கலாம். நடக்க நடக்கத் தரை இறங்கிக்கொண்டே போகிறது. கொஞ்ச நேரத்தில் அத்தனையும் தலைக்கு மேல் தொங்குகின்றன. நம் நடுகல் மண்ணில் ஊன்றி நிற்கும். இங்கே இரும்பே தூக்கில் இருக்கிறது. அண்ணாந்து வாசித்துக் கழுத்து வலித்தது. பல இடங்களில் பெயர்கூட இல்லை, ‘தெரியாதவர்’ என்று மட்டும்.

அப்புறம் சுவரில் சின்னச் சின்ன வாசகங்கள். ஜெஸ்ஸி தார்ன்டன், லூவெர்ன், 1940. வெள்ளைக்காரப் போலீஸ்காரர் ஒருவரை ‘மிஸ்டர்’ சேர்க்காமல் அழைத்தாராம். ஒரு மரியாதைச் சொல் விட்டுப்போனதற்கு ஓர் உயிர். அதைத் தாண்டிப் போக முடியாமல் வெகுநேரம் அங்கேயே நின்றேன்.

மார்ச் 15

அருங்காட்சியகத்தில் அலமாரி நிறைய கண்ணாடி ஜாடிகள். கொலை நடந்த இடத்துக்கே உறவினர்களும் உள்ளூர்க்காரர்களும் போய்த் தோண்டி எடுத்த மண். ஜாடியின் மேல் பெயர், ஊர், தேதி. ஒன்றில் செம்மண், பக்கத்திலேயே கரிசலாக ஒன்று, இன்னொன்றில் வெளிர் மணல். ஒரு ஜாடியின் அடியில் வேர்த்துணுக்கு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எடுத்தவர் மண்ணில் முட்டி போட்டுத்தானே எடுத்திருப்பார்? தலைவர் வந்து மலர்வளையம் வைத்துப் போவதைவிட இதுதான் எனக்குப் பெரிய அஞ்சலியாகப் படுகிறது.

மார்ச் 16

நாள் முழுக்கக் காரில். மிசிசிப்பி வந்தாயிற்று.

மார்ச் 17, சம்னர்

எம்மெட் டில் வழக்கு நடந்த நீதிமன்றம். சிகாகோவிலிருந்து உறவினர் வீட்டுக்கு வந்திருந்த 14 வயதுக் கறுப்பினப் பையன். 1955 ஆகஸ்டில் வெள்ளையர்கள் கடத்திக் கொன்று ஆற்றில் போட்டார்கள். சிதைந்த முகத்தை ஊரே பார்க்கட்டும் என்று சவப்பெட்டியைத் திறந்தே வைக்கச் சொன்னார் தாய் மேமி. முழுக்க வெள்ளையர்களாலான ஜூரி 67 நிமிடத்தில் குற்றவாளிகளை விடுவித்தது. 2007 அக்டோபர் 2 அன்று இதே நீதிமன்ற வாசலில் கவுண்டி மக்கள் கூடி, நீதி தவறிவிட்டது என்று வருத்தம் தெரிவித்தார்கள். 52 ஆண்டு தாமதம்தான். ஆனாலும் சொந்த ஊர்க்காரர்கள் தங்கள் வாயால் சொன்னார்களே, அது முக்கியம்.

மதியம் டல்லஹாச்சி ஆற்றங்கரை. உடல் மீட்கப்பட்டதாகக் கருதப்படும் இடத்தில் 2008இல் ஒரு நினைவுப் பலகை வைத்தார்கள். யாரோ பிடுங்கி ஆற்றில் எறிந்துவிட்டார்கள். மறுபடி வைத்தார்கள், அதை யாரோ துப்பாக்கிக் குண்டுகளால் துளைத்தார்கள். 2018இல் மூன்றாவது, 35 நாளில் அதையும் சுட்டார்கள். சளைக்காமல் 2019இல் நான்காவதை வைத்தார்கள். குண்டு துளைக்காத எஃகு, சுமார் 225 கிலோ.

கிட்டப் போய் எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்தேன். வெயிலில் சூடேறியிருந்தது. கீறல் ஏதும் தட்டுப்படவில்லை.