சுவிட்சில் கை வைக்கும் முன்

கிருஷ்ணகிரியைச் சுற்றியுள்ள மாங்கூழ் தொழிற்சாலைகளுக்குக் கணினி பழுதுபார்க்கச் சென்று வரும் எனக்கு, பெங்களூரா மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் எடைமேடைக்கு முன்னால் வரிசை கட்டி நிற்கும் ஜூன், ஜூலை மாதங்களில்தான் அழைப்புகள் அதிகம். காற்றிலும் மழையிலும் கரண்ட் போவதைத்தான் எல்லோரும் குறை சொல்வார்கள். நான் பார்த்தவரை, கடைசி வண்டியை அனுப்பிய அலுப்பில் கணினியை ஷட் டவுன் செய்யாமல் சுவர் சுவிட்சைத் தட்டிவிட்டுப் போவதால் வந்த பழுதுகளே மிகுதி. "கரண்ட் போனாலும் இப்படித்தானே சார் அணையும்?" என்று கேட்பார்கள். உண்மைதான், இரண்டும் ஒரே கேடுதான்.

நாம் சேமித்ததும் தகவல் வட்டில் எழுதப்பட்டுவிட்டது என்று நினைக்கிறோம். வேகத்துக்காக விண்டோஸ் அதை முதலில், மின்சாரம் நின்றால் அழிந்துவிடும் ராம் நினைவகத்தில் வைத்திருந்து, சிறிது நேரம் கழித்தே வட்டுக்கு அனுப்புகிறது. வட்டுக்குள்ளும் இதே போன்ற ஓர் இடைநினைவகம் உண்டு. முறையாக ஷட் டவுன் செய்யும்போது இவை அனைத்தும் எழுதி முடிக்கப்படுகின்றன. ஒரு தொழிற்சாலையில் எடைமேடை மென்பொருள் காலையில் திறக்க மறுத்தபோது, அதன் தரவுக் கோப்பு பெயரும் அளவும் மாறாமல் அப்படியே இருந்தது. உள்ளே பார்த்தால், கடைசிப் பகுதி முழுவதும் வெறும் பூஜ்ஜியங்கள். வட்டில் கோப்புகளை ஒழுங்குபடுத்த விண்டோஸ் பயன்படுத்தும் என்டிஎப்எஸ் முறை, கோப்புகளின் அடைவையும் இட ஒதுக்கீட்டையும் மீட்டுக்கொள்ளுமே தவிர, உள்ளடக்கத்துக்குப் பொறுப்பேற்காது. விவசாயிகள் கையிலிருந்த எடைச் சீட்டுகளை வாங்கி, வண்டி எண், மொத்த எடை, வெற்று எடை என ஒவ்வொன்றாக மீண்டும் உள்ளிட வேண்டியதாயிற்று.

சுவிட்சை அணைத்தால் ஹார்ட் டிஸ்க்கில் எழுதிப் படிக்கும் தலை தட்டில் இடித்துவிடும் என்ற பழைய பயம் இப்போது பெரும்பாலும் தேவையற்றது. சுழலும் தட்டின் எஞ்சிய ஆற்றலைக் கொண்டே தலை ஒதுங்கிவிடுகிறது, அடிக்கடி அப்படி ஒதுங்குவது நல்லதல்ல என்றாலும். சுழலும் தட்டு இல்லாமல் சில்லுகளில் சேமிக்கும் எஸ்எஸ்டி வட்டை மாட்டிவிட்டால் கவலையில்லை என்ற புதிய தைரியத்தைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. எந்தத் தகவல் எந்தச் சில்லில் இருக்கிறது என்பதற்கு அது வைத்திருக்கும் அட்டவணை எழுதப்படும் நேரத்தில் மின்சாரம் நின்றால், மொத்த வட்டையுமே கணினி அடையாளம் காணாமல் போகலாம். அதைத் தாங்கும் மின்தேக்கிகள் சர்வர்களுக்கான விலையுயர்ந்த எஸ்எஸ்டிகளில்தான் பெரும்பாலும் இருக்கின்றன.

யுபிஎஸ் இருக்கிறதே என்பார்கள். சில நிமிடங்கள் மட்டுமே தாக்குப்பிடிப்பதற்காகச் செய்யப்பட்ட அந்தப் பெட்டியில் லேசர் பிரிண்டரையும் சொருகி, ஆண்டுக்கணக்கில் பேட்டரியையும் மாற்றாமல் வைத்திருந்தால், அது பீப் ஒலி எழுப்பும்போதே கணினியும் அணைந்துவிடும்.

கணினி உறைந்து நின்றால் பவர் பட்டனைச் சில விநாடிகள் அழுத்திப் பிடிப்பதைத் தவிர வேறு வழியில்லாத நேரமும் உண்டு. அப்போதும் வட்டின் விளக்கு மினுக்குவது நிற்கும்வரை பொறுத்திருப்பது நல்லது. மற்ற நாட்களுக்கு, பட்டனை ஒரு முறை அழுத்தினாலே முறையாக ஷட் டவுன் ஆகும்படி விண்டோஸில் அமைத்துக் கொடுத்துவிட்டு, கேபினெட்டின் விளக்கு அணைந்த பிறகே சுவர் சுவிட்சைத் தொட வேண்டும் என்று எடைமேடை ஊழியரிடமும் இரவுக் காவலாளியிடமும் தனித்தனியாகச் சொல்லிவிட்டு வருகிறேன்.