கடுக்கன் அடகும் அத்தையின் நடையும்

வெறும் வயிற்றில் சர்க்கரை 148 என்று வந்த அன்றைக்குத்தான் அந்த நோட்டைப் போட்டேன். ஈரோட்டில் சின்னதாக வரிக்கணக்கு பார்த்துத் தரும் அலுவலகம் நடத்துகிறவனுக்கு வேறு என்ன தோன்றும்? ஐந்து பத்தி. உடம்பு, மனசு, வேலை, குடும்பம், பக்தி. தினமும் இரவு ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை என்று மார்க். காலை நடைக்குக் கையில் ஸ்மார்ட் வாட்ச், இருபது நிமிடம் தியானம், வாரம் இரண்டு நாள் வரகோ சாமையோ. எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. பக்திப் பத்தி மட்டும் மூன்றைத் தாண்டவில்லை. சரி, ஒரு கிரிவலம் போய்விட்டு வந்தால் ஏறிவிடும் என்று கணக்குப் போட்டுத்தான் தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை திருவண்ணாமலைக்குக் கிளம்பினேன். கேட்க அசிங்கமாக இருந்தாலும் உண்மை இதுதான்.

அப்பாவின் அக்கா திருக்கோவிலூரில் இருக்கிறார். வயது எழுபத்தொன்று. போகிற விஷயத்தை போனில் சொன்னதும், "நானும் வரேன்டா, இரு" என்று பஸ் ஏறி வந்துவிட்டார். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சங்கடம். 14 கிலோமீட்டரை மூன்று மணி நேரத்தில் முடிப்பதாகத் திட்டம் வைத்திருந்தேன்.

அன்று மாலை ரமணாசிரமம் போனோம். பழைய ஹாலில் அரை மணி உட்கார்ந்தேன். வாட்ச்சை மூன்று தடவை பார்த்தேன். வெளியே வந்து மயில்களைப் பார்த்துக்கொண்டு நின்றபோது அத்தை, "எங்க ஊர்ல கடுக்கனை அடகு வெச்சுட்டு வந்த புள்ளைடா இவரு" என்றார், ஏதோ பக்கத்து வீட்டுப் பையனைச் சொல்வது போல.

ரமணர் கதை எனக்கும் தெரியும். ஆனால் ஒரு கணக்கன் காதோடு கேட்டது அன்றைக்குத்தான். 1896. மதுரையில் பதினாறு வயதுப் பையன் வேங்கடராமன், பின்னாளில் ரமணர் ஆனவன், வீட்டை விட்டுக் கிளம்புகிறான். அண்ணனுக்குக் கல்லூரிச் சம்பளம் கட்டச் சொல்லிக் கொடுத்த ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, உன் சம்பளம் இன்னும் கட்டவில்லை, மீதி இரண்டு ரூபாய் இதோடு இருக்கிறது என்று கடிதம் எழுதி வைக்கிறான். ஓடிப்போகிறவன் இருப்புக் கணக்கு சொல்லிவிட்டுப் போகிறான்! 2 ரூபாய் 13 அணாவுக்கு திண்டிவனம் வரை டிக்கெட். அப்புறம் கையில் ஒன்றுமில்லாமல் அறையணிநல்லூர், திருக்கோவிலூரை ஒட்டிய கீழூர் என்று நடந்து, அங்கே ஒரு வீட்டில் காதுக் கடுக்கனை வைத்து நான்கு ரூபாய் வாங்குகிறான். ரசீது எழுதிக் கொடுக்கிறார்கள். வெளியே வந்ததும் அதைக் கிழித்துப் போட்டுவிடுகிறான். மீட்க வரப்போவதில்லை, பின்னே எதற்கு? செப்டம்பர் 1-ஆம் தேதி அண்ணாமலையார் சந்நிதியில் நிற்கிறான்.

மதுரையில் கணக்கு எழுதியவன், சில நாளில் எங்கள் அத்தை ஊரில் சீட்டைக் கிழிக்கிறான். அந்த மதுரைக் கடிதத்திலேயே இன்னொன்றும் உண்டு. "நான்" என்று ஆரம்பித்து, போகப்போக "இது" என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறான். கடைசியில் கையெழுத்து கிடையாது, வெறும் கோடு. அன்றிரவு லாட்ஜில் நோட்டைத் திறந்து ஐந்து பத்திக்கும் மார்க் போட உட்கார்ந்தபோது பேனா கொஞ்சம் நின்றது. இந்த மார்க்கை யார் போடுகிறது, யாருக்குப் போடுகிறது? பதில் ஒன்றும் வரவில்லை. பழக்க தோஷத்தில் பக்திக்கு ஆறு போட்டுவிட்டுப் படுத்தேன்.

விடிகாலை மூன்றரைக்கு, பதினொரு நிலை ராஜகோபுரத்துக்கு எதிரே கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டு வெறுங்காலோடு கிளம்பினோம். பௌர்ணமி இல்லாததால் சாலை காலியாகக் கிடந்தது. வழியில் வரும் எட்டு லிங்கக் கோயில்களில் இந்திர லிங்கம், அக்னி லிங்கம் வரை அத்தை கூடவே வந்ததாகத்தான் ஞாபகம். எம லிங்கத்தில் திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். கால் மணி நேரம் நின்றேன். வாட்ச் நடையை நிறுத்தி வைக்கட்டுமா என்று கேட்டது. எரிச்சலோடு திரும்பி நடந்தால், ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து நாய்க்கு வறுக்கியைப் பிட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

"என்னத்தே, இங்க உட்கார்ந்துட்டீங்க?"

"நான் எங்கடா உட்கார்ந்தேன், நீதான் போயிட்டே. பஸ்ஸையா பிடிக்கப் போறே? நிறைமாச ராணி நடக்குற மாதிரி நடக்கணும்னு ரமண பகவானே சொல்லியிருக்காராம்." டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, என்னைப் பார்க்காமலே சொன்னார்: "உங்கப்பனும் இப்படித்தான். முன்னாடி போய்க்கிட்டே இருப்பான். பின்னாடி யாரு வர்றா, வரலைன்னு திரும்ப மாட்டான். உங்கம்மா ஆயுசு பூரா அவன் முதுகைப் பார்த்துக்கிட்டே நடந்தவ."

அந்த டீ இனிப்பாக இருந்தது, சர்க்கரை போடாமல் கேட்க மறந்துவிட்டேன். எனக்கு அப்போது ஞாபகம் வந்தது என் மனைவி. போன மாதம் பெரிய மாரியம்மன் கோயிலுக்குப் போனபோதும் செருப்புக் கடையைத் தாண்டி நின்று, "சீக்கிரம் வாயேன்" என்று கத்தியவன் நான். அன்றைக்குக் குடும்பம் பத்திக்கு எட்டு போட்டிருக்கிறேன். கோயிலுக்குக் கூட்டிப் போனதற்காக.

அதற்கப்புறம் அத்தை நடையிலேயே நடந்தேன். சுலபம் என்று நினைத்துவிட வேண்டாம். முதல் ஒரு கிலோமீட்டர் கால் தானாக முந்துகிறது, இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது. மூன்று மாதமாக தினமும் தியானத்தில் மூச்சைக் கவனித்தபோதுகூட இவ்வளவு பாடு பட்டதில்லை. செங்கம் சாலையை விட்டு வலப்பக்கம் திரும்பிய பிறகு, நிருதி லிங்கம் தாண்டி எங்கேயோ, இழுத்துப் பிடிப்பது நின்றிருந்தது. எப்போது நின்றது என்று தெரியாது. மலை கருநீலத்திலிருந்து மெல்ல வெளுத்துக்கொண்டிருந்தது. அத்தையின் மெட்டி தாரில் படும் சத்தம், ஒரு கால் மட்டும் லேசாக இழுபடும் சத்தம். அந்தக் கால் எப்போதிலிருந்து இழுக்கிறது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. கேட்டேன். "நாலு வருஷமாச்சு" என்றார்.

அடி அண்ணாமலையில் நன்றாக விடிந்துவிட்டது. மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடியது இங்கேதான் என்பது வழக்கு. மார்கழிக் கூட்டமெல்லாம் ஓய்ந்து, கோயில் அமைதியாக இருந்தது. நடந்துகொண்டே அத்தை ரமணரைப் பற்றி இன்னொன்று சொன்னார். ஆசிரமத்தில் விடியும் முன்பே சமையற்கட்டில் காய் நறுக்குவாராம், சட்னி அரைப்பாராம், இலை தைப்பாராம். "அதெல்லாம் முடிச்சுட்டுத் தியானத்துக்குப் போவாரா?" என்று கேட்டேன். அத்தை என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அது வேற, இது வேறயாடா?"

குறுகலான கல் இடுக்கில் நுழைந்து மறுபக்கம் வரவேண்டிய சின்னக் கோயில் இடுக்குப் பிள்ளையார். அங்கே அத்தைதான் வழி காட்டினார். ஒருக்களித்துப் படு, ஒரு கையை முன்னால் நீட்டு, தோளை முதலில் விடு, மூச்சைப் பிடிக்காதே. அவர் பாம்பு மாதிரி நழுவி அந்தப் பக்கம் போய்விட்டார். நான் பாதியில் மாட்டிக்கொண்டேன். வாட்ச் கல்லில் இடித்துக்கொண்டு நின்றது. கையைத் திருப்பவும் முடியவில்லை, இழுக்கவும் முடியவில்லை. எண்ணெய்ப் பிசுக்கும் விபூதி வாசமுமாக முகத்துக்கு நேரே பாறை. பின்னால் நின்ற ஒரு அம்மா, "தம்பி, கையை மடக்காதீங்க, நீட்டுங்க" என்றார். நீட்டியதும் வந்துவிட்டேன். வாட்ச் கண்ணாடியில் குறுக்கே ஒரு கீறல்.

ஈசான்ய லிங்கம் முடித்து மறுபடி ராஜகோபுரத்துக்கு வந்தபோது மணி ஒன்பதே முக்கால். ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. படியில் உட்கார்ந்து அத்தை பாதத்தைத் தேய்த்துக்கொண்டே, "உன் வாட்ச்சு எத்தனைன்னு சொல்லுது?" என்று கேட்டார்.

கீறலுக்கு அடியில் தெரிந்ததைப் படித்தேன். "21,640 அடி, அத்தே."

"எனக்கு?"

நான் இரண்டு அடி வைக்கிற இடத்தில் அவர் மூன்று வைப்பார். மனசுக்குள் பெருக்கிப் பார்த்தேன். "உங்களுக்கு முப்பத்திரண்டாயிரம் வரும்."

"ரெண்டு பேரும் ஒரே மலையைத்தானேடா சுத்தினோம்?" என்றார். அப்புறம் முழங்காலில் கையை ஊன்றி எழுந்தார். "வா, இட்லி சாப்பிடலாம். மெதுவா வா."