கருப்பட்டிக்கு அடைப்பு எடுத்தல்: 40-ஆம் நாள்

கருப்பட்டி என் ஆண் கினி பிக். மலவாயை ஒட்டிய அவன் பின்பையில் அடைத்திருந்த புழுக்கை இன்றைக்குக் காலையில் முழு உருண்டையாக வந்துவிட்டது. நாலே நிமிடம், ஒரு கீச்சுக்கூட இல்லை.

கருப்பட்டிக்கு ஆறு வயது முடிந்துவிட்டது. கிழட்டு ஆண் கினி பிக் வைத்திருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பின்பையின் தசை தளர்ந்துபோய், கெட்டிப் புழுக்கை வழக்கம்போல விழுகிறது. மறுபடி தின்பதற்காகப் போடுகிற மெத்துப் புழுக்கை மட்டும் உள்ளேயே சேர்ந்து அடைத்துக்கொள்கிறது. முதலில் காட்டிய இடத்தில் வாடையை வைத்தே பேதி என்று முடிவுகட்டி, வாய்வழி அமாக்சிசிலின் எழுதிக்கொடுத்தார்கள். குடலில் இருக்கும் நல்ல கிருமிகளைக் கொன்று இதுகளின் உயிருக்கே உலை வைக்கிற மருந்து அது. பாட்டிலைத் திறக்கவே இல்லை. அடுத்துப் பார்த்த டாக்டர்தான் பையை விரித்துக் காட்டினார்.

என் தப்பு, பஞ்சுக்குச்சியால் மேலிருந்து தோண்டியது. பிய்ந்து பிய்ந்து வரும், பாதி உள்ளேயே நிற்கும், தோல் சிவந்துவிடும். இது தோண்டுகிற வேலையே அல்ல, மொச்சை பிதுக்குகிற வேலை. ஊறாத மொச்சையைப் பிதுக்கினால் என்ன ஆகும்? அதேதான். எண்ணெய் விட்டு ஐந்து நிமிடம் சும்மா இருக்க வேண்டும். அந்த ஐந்து நிமிடம்தான் எனக்குப் பொறுக்கவில்லை, இத்தனை நாளும்! அப்புறம் முதுகு என் வயிற்றில் சாய்கிற மாதிரி துண்டில் உட்காரவைத்து, கட்டைவிரலைப் பைக்குக் கீழே கொடுத்து, மெதுவாக மேல்நோக்கி ஒரு தள்ளு. புளி உருண்டை மாதிரி தானாக எழும்பி வரும். கையுறை போடுங்கள், வாடை இரண்டு நாளைக்குப் போகாது.

எண்ணெயிலும் ஒரு தொல்லை. காங்கேயத்துத் தேங்காய் எண்ணெய் வீட்டில் குடம் குடமாக இருக்கிறது, ஆனால் மார்கழிக் காலையில் கல்லாக உறைந்து நிற்கிறது. வெந்நீரில் பாட்டிலை வைத்து உருக்குவதற்குள் இவன் திமிறிவிடுகிறான். இப்போது மருந்துக்கடை லிக்விட் பாரஃபின்தான். வால் பக்கத்தில் பிசுக்கு சுரக்கிற சுரப்பியைத் துடைக்க மட்டும் தேங்காய் எண்ணெய்.

எடுத்ததில் பதமாக இருந்ததை நீட்டினேன், லபக்கென்று தின்றுவிட்டான். அம்முச்சி (அம்மாவின் அம்மா) "சீ, என்ன கண்ணு இது!" என்று முகத்தைச் சுளித்தது. மாடு அசைபோடுகிற மாதிரிதான் அம்முச்சி, இதில்தான் பி வைட்டமின் இருக்கிறது என்றேன். "அப்படியா, அப்பத் திங்கட்டும்" என்று போய்விட்டது. அவன் எடை 1,060 கிராமிலிருந்து 940-க்கு இறங்கியது, இப்போது 985. தசை இனி இறுகப்போவதில்லை. தினமும் எடுக்கத்தான் வேண்டும்.

புல் விஷயம். குதிரை மசால் தீவனத்தில் கால்சியம் அதிகம், மூத்திரப்பைக் கல்லுக்குப் பயந்து நிறுத்திவிட்டேன். தாராபுரம் ரோட்டில் கொறங்காடு (மேய்ச்சல் காடு) வைத்திருக்கும் மாமா ஒருவர் காய்ந்த கொழுக்கட்டைப் புல் ஒரு சாக்கு கொடுத்தார். நன்றாகத் தின்கிறான். ஆனால் கதிரோடு போட்டால் தூசும் துரும்பும் உதிர்ந்து குறி உறைக்குள் ஒட்டிக்கொள்கிறது. வாரம் ஒருமுறை அதையும் வெதுவெதுப்பான நீரில் துடைக்க வேண்டியிருக்கிறது. கதிரை உருவிவிட்டுப் போட ஒரு சல்லடை செய்யலாம் என்று பழைய கோழிக்கூட்டுக் கம்பிவலையை நேற்றே வெட்டிவைத்தேன். சட்டம்தான் இன்னும் அடிக்கவில்லை.