35 அங்குல டயர், 4.56 கியர், புது எக்ஸாஸ்ட்: சில்வராடோவின் கணினியில் எதை மாற்றணும், எந்த வரிசையில்

டயர், கிரவுன்-பினியன் (ஆக்ஸிலில் இருக்கும் கியர்), எக்ஸாஸ்ட் மூன்றையும் ஒரே மூச்சில் மாற்றிவிட்டு, "ஒரு டியூன் போட்டால் சரியாகிவிடும்" என்று கணினியில் உட்கார்பவர்கள்தான் அதிகம் குழம்புகிறார்கள். டயரும் கியரும் வெறும் கணக்கு. பேப்பரும் பேனாவும் இருந்தால் வண்டியை ஸ்டார்ட் பண்ணாமலே முடித்துவிடலாம். எக்ஸாஸ்ட் அப்படி இல்லை, ஓட்டி அளந்துதான் தெரிந்துகொள்ள முடியும். இந்த இரண்டையும் கலக்காமல் செய்தால் பாதிச் சிக்கல் வராது.

உதாரணத்துக்கு அமெரிக்கச் சாலைகளில் இன்னும் ஏராளமாக ஓடும் 2003 ஷெவர்லே சில்வராடோ 1500 இசட்71-ஐ எடுத்துக்கொள்வோம். 5.3 லிட்டர் வி8, 4எல்60இ ஆட்டோமேட்டிக், நான்கு சக்கர இழுவை. எஞ்சினையும் கியர்பாக்ஸையும் பி.சி.எம். என்ற ஒரே பெட்டிதான் கவனிக்கிறது. கம்பெனி டயர் 265/75 ஆர்16, கம்பெனி விகிதம் 3.73. போடப்போவது 35×12.50 ஆர்17 டயர், முன்னும் பின்னும் 4.56 கியர், கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைத் தொடாத ஷார்ட்டி ஹெடர், அதற்குப் பின்னால் கேட்-பேக் சைலன்சர். கணினியில் உள்ள எண்களைப் படித்து மாற்றும் கருவி எச்.பி. டியூனர்ஸ்.

கணினிக்குத் தெரிவது ஷாஃப்ட் மட்டும்தான்

இந்த வண்டியில் வேக சென்சார் சக்கரத்தில் இல்லை. டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்பக்கம், புரொப்பல்லர் ஷாஃப்ட் கிளம்பும் இடத்தில் இருக்கிறது. ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்றினால் 40 துடிப்பு. அதற்கப்பால் என்ன கியர், எவ்வளவு பெரிய டயர் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. ஒரு மைலுக்கு எத்தனை துடிப்பு என்று நாம் எழுதிக்கொடுக்கும் எண்ணை அப்படியே நம்பும். அதனால்தான் இங்கே டயரை மாற்றினாலும் வேகம் தப்பாகும், கியரை மாற்றினாலும் தப்பாகும். சக்கரத்திலுள்ள ஏ.பி.எஸ். சென்சாரிலிருந்து வேகம் எடுக்கும் வண்டிகளில் கியர் மாற்றம் ஸ்பீடோமீட்டரைத் தொடாது. உங்கள் வண்டி எந்த வகை என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

டயரின் பக்கவாட்டில் 35 என்று இருந்தாலும், மாட்டி காற்றடித்து அளந்தால் பெரும்பாலும் 34.5 அங்குலம்தான் வரும். வண்டியின் பாரம் ஏறியதும் இன்னும் கொஞ்சம் நசுங்கும். ஆகவே விட்டத்தை நம்பாமல் உருட்டி அளப்பதே சரி. ஓட்டும்போது வைக்கும் காற்றழுத்தத்தையே வையுங்கள். பின்டயரின் அடியில் சாக்பீஸால் ஒரு கோடு, அதற்கு நேராகத் தரையிலும் ஒரு கோடு. நேராகப் பத்துச் சுற்று உருட்டி, தூரத்தை டேப்பால் அளந்து பத்தால் வகுக்க வேண்டும். பத்துச் சுற்றுக்கு 26.69 மீட்டர் வந்தால் ஒரு சுற்று 2.669 மீட்டர், ஒரு மைலுக்கு 603 சுற்று. ஒரே சுற்றை அளந்தால் ஒரு விரல்கடைப் பிழைகூடப் பெரிதாகத் தெரியும், பத்துச் சுற்றில் அது கரைந்துவிடும்.

அடுத்தது விகிதம். பின் ஆக்ஸிலின் கிரவுனில் 41 பல், பினியனில் 9 பல் என்பதால் 4.56 என்று விற்பது உண்மையில் 4.556. பழைய 3.73 என்பது 41-க்கு 11, அதாவது 3.727. கணக்கு இதுதான்: 40 × 603 × 4.556 = 109,891 துடிப்பு. கம்பெனி டயர், கம்பெனி கியரோடு இருந்தபோது இது ஏறக்குறைய 98,000. எச்.பி. டியூனர்ஸில் டயர் அளவும் விகிதமும் கொடுத்தால் தானே கணக்குப் போடும் பகுதி உண்டு. அதில் 35 என்று அடித்தால் அது 35-ஐயே நம்பும். அளந்து வந்த எண்ணைக் கொடுப்பதே மேல்.

இதை மாற்றாமல் ஓட்டினால் என்ன ஆகும்? டயர் மட்டும் மாறியிருந்தால் முள் 60 காட்டும்போது உண்மை வேகம் சுமார் 65. கியரும் மாறிவிட்டால் தலைகீழ்: உண்மையில் 60 போகும்போது முள் 67 காட்டும், ஓடோமீட்டரும் அதே கணக்கில் ஓடாத மைலைச் சேர்த்துக்கொண்டே போகும்.

4.56 தேவையா என்ற கேள்விக்கும் இதே கணக்கில் பதில் இருக்கிறது. 70 மைல் வேகத்தில் நான்காம் கியரில் (0.70) எஞ்சின் சுற்று பழைய அமைப்பில் சுமார் 2,000. டயரை மட்டும் மாற்றினால் 1,835-க்கு இறங்கும், லேசான ஏற்றத்திலேயே கியர் இறங்கி ஏறி அல்லாடும். 4.10 போட்டால் 2,020, கிட்டத்தட்ட பழைய நிலை. 4.56 போட்டால் 2,245. டயரின் எடையும் காற்றுத் தடையும் கூடியிருப்பதால், டிரெய்லர் இழுப்பவருக்கு 4.56 பொருந்தும். நெடுஞ்சாலையில் தனியாக ஓடும் வண்டிக்கு 4.10 போதும்.

ஸ்பீடோமீட்டர் சரி, வண்டி ஏன் சரியில்லை?

பலர் தவறவிடும் இடம் இது. ஜி.பி.எஸ்.ஸோடு ஒப்பிட்டால் முள் கச்சிதமாக இருக்கும். ஆனால் ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்தால் முதல் கியரிலேயே எஞ்சின் அலறி, ரெவ் லிமிட்டரில் முட்டி நிற்கும், இரண்டாவது விழாது. கியர்பாக்ஸ் போய்விட்டது என்று கழற்றப் போகிறவர்களும் உண்டு.

காரணம் எளிது. முழு மிதியில் கியர் மாற வேண்டுமானால் இந்தப் பி.சி.எம்.முக்கு இரண்டு நிபந்தனை உண்டு: எஞ்சின் சுற்று குறித்த எண்ணைத் தொட வேண்டும், வண்டி வேகமும் குறித்த எண்ணைத் தொட வேண்டும். பழைய கியரில் 5,600 சுற்றில் முதல் கியரின் வேகம் சுமார் 45 மைல். புது அமைப்பில் அதே 5,600-இல் 40 மைல்தான் வரும். அட்டவணையில் 45 என்று இருந்தால் வண்டி அந்த வேகத்தை எட்டுமுன் எஞ்சின் எல்லையை எட்டிவிடும். வேகத்தைத் தப்பாக வைத்திருந்தவரை இந்தக் கோளாறு வெளியே தெரிந்திருக்காது, ஏனென்றால் கணினியும் 45 என்றே நினைத்துக்கொண்டிருந்தது. முள்ளைத் திருத்தியதுதான் இதை வெளியே கொண்டுவந்தது.

வேக நிபந்தனையை நன்றாக இறக்கிவிட்டு, முடிவைச் சுற்றிடம் விட்டுவிடுவதே தீர்வு. 1-2 மாற்றத்துக்கு 37 மைல், 2-3-க்கு 70 மைல் போதும். இரண்டுமே சுமார் 5,200 சுற்றுக்குச் சமம். சுற்று நிபந்தனையை 5,400-இல் வையுங்கள். கட்டளை போய் கிளட்ச் பிடிப்பதற்குள் எஞ்சின் இன்னும் இருநூறு முந்நூறு ஏறிவிடும், அந்த இடைவெளியை விட்டே தீர வேண்டும்.

பாதி மிதி அட்டவணைகளையும் விடக்கூடாது. மொத்தத்தில் வண்டி இப்போது 12 சதவீதம் கட்டையான கியரில் ஓடுகிறது. எல்லா வேக எண்ணையும் 0.89-ஆல் பெருக்கினால் பழைய சுற்றிலேயே கியர் மாறும். லேசான மிதியில் அவ்வளவு குறைக்காமல் 0.95 அளவில் நிறுத்துவது நல்லது. கனமான டயரை நகர்த்த எஞ்சினுக்குக் கொஞ்சம் கூடுதல் சுற்று வேண்டும். மேலேற்றும் கோடும் கீழிறக்கும் கோடும் மூன்று நான்கு மைலைவிடக் கிட்டே நெருங்கினால் கியர் மாறி மாறி விழுந்துகொண்டே இருக்கும். கோட்டை வரைபடமாகப் போட்டுப் பார்த்தால் நெருங்கும் இடம் கண்ணில் பட்டுவிடும்.

டார்க் கன்வர்ட்டர் லாக்கப் (எஞ்சினையும் கியர்பாக்ஸையும் வழுக்காமல் பூட்டுவது) வேகத்தையும் இதே அளவில் இறக்கலாம். புது சைலன்சர் லாக்கப் ஆனதும் ஒரு குறிப்பிட்ட சுற்றில் ஊளையிடுகிறது என்பதற்காக லாக்கப்பைத் தள்ளிப்போடும் பழக்கம் ஒன்று இருக்கிறது. செய்யாதீர்கள். லாக்கப் இல்லாமல் ஓடினால் கன்வர்ட்டர் வழுக்கிச் சூடாகும், அந்தச் சூடு முழுக்க கியர்பாக்ஸ் ஆயிலில் இறங்கும். ஊளைக்கு மருந்து குழாயில் ஒரு ரெசனேட்டர். அதேபோல டார்க் மேனேஜ்மென்டை (கியர் மாறும்போது எஞ்சினின் இழுவையைக் குறைக்கும் ஏற்பாட்டை) பூஜ்யமாக்கினால் மாற்றம் சுள்ளென்று விழும், ஓட்ட நன்றாயிருக்கும். ஆனால் 4எல்60இ-இன் 3-4 கிளட்ச் ஏற்கெனவே அதன் பலவீனமான இடம், அதன்மேல் 35 அங்குல டயர் வேறு. பாதிக்கு மேல் குறைக்க வேண்டாம்.

வேக எல்லை கம்பெனியில் 98 மைல். "இனி எதற்கு" என்று எடுத்துவிடாதீர்கள். பெரும்பாலான மட் டயர்களின் வேக மதிப்பு கியூ, அதாவது 99 மைல்தான். இன்னொன்று: பழைய கியரில் 98 மைலில் ஷாஃப்ட் நிமிடத்துக்குச் சுமார் 4,000 சுற்று சுற்றியது. புதியதில் அதே வேகத்துக்கு 4,490. ஷாஃப்டைப் பழைய சுற்றுக்குள் வைக்க எல்லையை 87-க்கு இறக்க வேண்டும்.

எக்ஸாஸ்ட்: முதலில் ஒழுக்கு, பிறகு அட்டவணை

கேட்-பேக் மட்டும் மாற்றினால் எரிபொருள் அட்டவணையைத் தொடவே வேண்டாம். சத்தத்துக்காக டியூன் செய்து பயனில்லை.

ஹெடர் போட்டதும் ஃப்யூயல் டிரிம் (ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்து கணினி செய்யும் பெட்ரோல் திருத்தம், சதவீதத்தில்) கூட்டலில் ஏறினால், உடனே மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் அட்டவணையைத் திருத்தப் போகிறார்கள். யோசித்துப் பாருங்கள்: அந்த சென்சார் இருப்பது ஏர் ஃபில்டருக்குப் பக்கத்தில். உள்ளே போகும் காற்றை அளக்கும் கருவியின் கணக்கு, வெளியே போகும் குழாயை மாற்றினால் ஏன் கெடப்போகிறது? முதலில் சந்தேகப்பட வேண்டியது கேஸ்கெட் ஒழுக்கு. ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் ஒரு ஊசித்துளை இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே இழுபடும், எஞ்சின் வறண்டு ஓடுகிறது என்று கணினி நினைத்து பெட்ரோலைக் கூட்டும். ஐடிலில் +15, 2,500 சுற்றில் சாதாரணம் என்றால் கிட்டத்தட்ட ஒழுக்குதான். குளிர்ந்த எஞ்சினில் புகை விட்டுப் பாருங்கள். போல்ட்டுகளை ஒரு முறை சூடாக்கி ஆறவிட்டு மறுபடி முறுக்குங்கள்.

ஒரு பக்கம் +25, மறுபக்கம் −25 என்று போனால் இடது வலது சென்சார் ஒயர்கள் மாறிவிட்டன. சென்சார் பின்னால் தள்ளிப்போகும் நீண்ட ஹெடர்களில், நீட்டிப்பு ஒயர் மாட்டும்போது நடக்கும் தவறு இது.

உண்மையில் மாறுவது வி.இ. அட்டவணை, அதாவது எந்தச் சுற்றில் எஞ்சின் எவ்வளவு காற்றை நிரப்பிக்கொள்ளும் என்ற கணக்கு. 4,000 சுற்றுக்குக் கீழே இந்தப் பி.சி.எம். காற்று சென்சாரையும் வி.இ. கணக்கையும் கலந்தே முடிவெடுக்கும், அதற்கு மேல் சென்சார் மட்டும். வி.இ.-ஐத் திருத்த, காற்று சென்சாரைக் கணினியிலேயே தற்காலிகமாகச் செயலிழக்க வைத்து, கலவையைத் துல்லியமாக அளக்கும் வைட்பேண்ட் சென்சாரோடு ஓட்டி, பிழைச் சதவீதத்தை ஒவ்வொரு கட்டத்திலும் சேகரிக்க வேண்டும். அந்த நிலையில் கணினி குறைந்த ஆக்டேன் இக்னிஷன் அட்டவணைக்கு மாறிவிடும், வண்டி மந்தமாக இருப்பதைக் கண்டு பயப்படாதீர்கள். முப்பது பதிவுக்குக் குறைவான கட்டங்களை ஒதுக்குங்கள். வந்த திருத்தத்தில் பாதியை மட்டும் போட்டு மறுபடி ஓட்டுங்கள். கடைசியில் சென்சாரைத் திரும்ப இயக்க மறக்கக்கூடாது.

முழு மிதியில் லேம்டா (காற்று-பெட்ரோல் கலவையின் அளவு; சரியான கலவை 1, அதற்குக் கீழே பெட்ரோல் கூடுதல்) 0.86 முதல் 0.88 வரை. எண்ணெய் நிறுவனம் கலக்கும் எத்தனால் அளவு மாறுவதால் 12.5, 12.8 என்று விகிதமாகப் பேசுவதைவிட லேம்டாவில் பேசுவது குழப்பமில்லாதது. நீண்டகால டிரிம் கூட்டலில் இருந்தால் இந்தப் பி.சி.எம். அதை முழு மிதியிலும் சேர்த்துக்கொள்ளும், ஆகவே டிரிம் சரியாகாமல் முழு மிதியைச் சரிசெய்வது வீண். இக்னிஷனை 87 ஆக்டேனில் கூட்ட வேண்டாம். புதிதாக நாக் (கலவை தப்பாக வெடிக்கும் தட்டல்) காட்டினால், குழாய் எங்காவது சேஸிஸில் உரசுகிறதா என்று முதலில் பாருங்கள். உலோகம் தட்டும் ஓசையையும் நாக் சென்சார்கள் நாக் என்றே கேட்கும்.

கன்வர்ட்டரை வெட்டி எடுத்துவிட்டு அது வேலை செய்யவில்லை என்று காட்டும் பி0420, பி0430 பிழைக் குறியீடுகளை அணைப்பது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டமான தூய காற்றுச் சட்டத்தை மீறுவது. கலிஃபோர்னியாவில் ஹெடருக்கே அங்குள்ள காற்று வாரியத்தின் அனுமதி எண் வேண்டும்.

எழுதும் நாளும் அதற்கு முன்னும்

எதையும் கழற்றுமுன் பழைய வண்டியை அரைமணி நேரம் ஓட்டி கணினியின் அளவீடுகளை ஒரு லாக்காக (பதிவாக) எடுத்துவையுங்கள். ஒப்பிட அது இல்லாவிட்டால் பிறகு எல்லாமே ஊகம்தான். கம்பெனி ஃபைலைப் படித்து இரண்டு இடத்தில் சேமியுங்கள். எழுதும்போது பேட்டரியில் சார்ஜர் இருக்கட்டும், ரேடியோ ஃப்யூஸைப் பிடுங்கிவிடுங்கள், லேப்டாப் தூங்கிப்போகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். பாதியில் நின்றுபோன எழுத்து ஒரு பி.சி.எம்.மையே சாகடிக்கலாம்.

வரிசை இப்படி: முதல் நாள் துடிப்பு எண், கியர் மாற்றங்கள், வேக எல்லை. அதோடு ஓட்டத் தொடங்குங்கள். புது கிரவுன்-பினியனுக்கு முதல் 500 மைல் பழக்கக் காலம்: முதல் ஓட்டம் பதினைந்து இருபது மைல், பிறகு முழுக்க ஆறவிடுதல், டிரெய்லர் கூடாது, முழு மிதி கூடாது. இந்த இடைவெளியில் சாதாரண ஓட்டத்தின் டிரிம்களையும் வி.இ.-யையும் சரிசெய்யலாம். முழு மிதிப் பதிவுகள் 500 மைலுக்குப் பிறகு, டிஃப்ரன்ஷியல் ஆயிலை மாற்றிய பின்தான். ஜி80 லாக்கர் (ஒரு சக்கரம் வழுக்கினால் இரண்டையும் தானே பூட்டும் கம்பெனி டிஃப்ரன்ஷியல்) இருந்தால் அந்த ஆயிலில் லிமிடெட் ஸ்லிப் சேர்மானம் எதுவும் ஊற்ற வேண்டாம்.

வேகத்தை ஜி.பி.எஸ்.ஸில் பாருங்கள், தூரத்தை நெடுஞ்சாலை மைல்கல்லில் பத்து மைல் ஓடிப் பாருங்கள். புது டயரில் கச்சிதமாக வைத்தால் போதும். 18/32 அங்குலத் தடம் 4/32-க்குத் தேயும்போது விட்டம் முக்கால் அங்குலத்துக்கும் மேல் குறையும், முள் சுமார் இரண்டரை சதவீதம் கூடுதலாகக் காட்டும். டயர் பாதி தேய்ந்ததும் சாக்பீஸை எடுத்து மறுபடி ஒருமுறை உருட்டிக்கொள்ளலாம்.