சாவு வீட்டுக் கானாவும் 88-ஆம் சங்கீதமும்

சினிமாவில் மட்டும் கானாவைக் கேட்டவர்களுக்கு அது குத்துப்பாட்டு, காலேஜ் பசங்க கும்மாளம். வடசென்னையில் தண்டையார்பேட்டை, காசிமேடு, வியாசர்பாடி, புளியந்தோப்பு பக்கம் வளர்ந்தவர்களுக்கு அது முதலில் சாவு வீட்டுப் பாட்டு. 2018 ஜனவரியில் கானாவையும் ராப்பையும் கலந்து பாடும் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு மேடை ஏறிய பிறகுதான் நகரத்தின் மற்ற பகுதிகளும் கானாவை உட்கார்ந்து கேட்டன. அந்தக் குழுவில் பாடிய இசைவாணியின் பெயர் 2020-ல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் வந்தபோது எங்கள் தெருவில் அதைப் பற்றிப் பேசாத வீடில்லை. இப்போது யூடியூபில் மரண கானா என்று தட்டினால் வரிசையாக வருகிறது. ஆனால் எங்கள் கிறிஸ்தவ சபைகளில் இன்னமும் அந்தப் பாட்டுக்கு வாசலுக்கு வெளியேதான் இடம்.

பெரியப்பா இறந்த ராத்திரி இதை நேரில் பார்த்தேன். ஹார்பரில் சரக்கு ஏற்றி இறக்கியே முதுகு வளைந்த மனுஷர். வீட்டுக்குள் ஐஸ் பெட்டியைச் சுற்றிப் பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்காமார்கள் கீர்த்தனைப் புத்தகத்தைப் பிரித்துப் பாடிக்கொண்டிருந்தார்கள். வெளியே சாமியானாவில் அவரோடு வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள் சட்டி மேளமும் டோலக்குமாக வந்து உட்கார்ந்தார்கள். பாடிய தம்பிக்கு இருபது வயதுகூட இருக்காது. பெரியப்பாவின் பெயரைச் சொல்லி ஆரம்பித்தான். அவர் தூக்கிய மூட்டைகள், அவர் குடித்த டீக்கடை, கல்யாணம் பண்ணிக்கொடுத்த மகள்கள், கண்ணை மூடும்போது பக்கத்தில் இல்லாத மகன் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பாட்டில் வைத்தான். சட்டிக்காரன் ஒவ்வொரு அடி முடிவிலும் தாளத்தை நிறுத்தி, அழுகிறவர்களுக்கு ஒரு மூச்சு இடம் விட்டான். அதுவரை கல்லாக நின்றிருந்த என் அண்ணன் அந்த இடைவெளியில்தான் உடைந்து அழுதான்.

சபையிலிருந்து வந்த ஒரு பெரியவருக்கு இது பொறுக்கவில்லை. “விசுவாசி வீட்ல இதெல்லாம் எதுக்கு? நிறுத்தச் சொல்லுங்க” என்றார். பெரியம்மா ஐஸ் பெட்டிக்குப் பக்கத்திலிருந்தே, “பாடட்டும் உடுங்கய்யா. எத்தினி சாவுல இந்தப் பசங்களோட நின்னிருக்காரு, இன்னிக்கு அவருக்குப் பாட மாட்டாங்களா?” என்றார். பாட்டு நிற்கவில்லை. விடிந்ததும் ஆயர் வந்து ஜெபம் செய்தார். காசிமேடு கல்லறையில் அடக்கம் முறைப்படி நடந்தது.

அந்தப் பெரியவர் கெட்டவர் இல்லை. அவர் மனதில் இருந்தது பைபிளில் 1 தெசலோனிக்கேயர் 4:13. நம்பிக்கையற்ற மற்றவர்களைப்போலத் துக்கிக்காதிருங்கள் என்று பவுல் எழுதிய இடம். அதை நாம் பாதியில் நிறுத்தி, துக்கிக்கவே கூடாது என்று வாசித்துப் பழகிவிட்டோம். செத்துப்போன நண்பன் லாசருவைச் சில நிமிஷங்களில் உயிரோடு எழுப்பப்போகிறோம் என்று இயேசுவுக்குத் தெரியும். அப்படியும் அந்தக் கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர் விட்டார். உயிர்த்தெழுதலை அவரைவிட அதிகமாக நம்புகிறவர் யாராவது நம் சபையில் உண்டா?

நான் பாடகர் குழுவில் பாடுகிறவள். அதனால் பைபிளின் பாட்டுத் தொகுப்பான சங்கீதப் புத்தகத்தைப் பாட்டுக்காரியின் கண்ணால்தான் பார்க்கிறேன். 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு முறையீடும் புலம்பலும். “கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?” என்று 13-ஆம் சங்கீதம் நேராகவே கேட்கிறது. பெரும்பாலானவை கடைசியில் எப்படியோ துதிக்குத் திரும்பிவிடும். 88 மட்டும் திரும்பாது. இருட்டிலேயே ஆரம்பித்து இருட்டிலேயே முடிகிறது. ஒரு அல்லேலூயாகூடக் கிடையாது. அதையும் கோராகின் புத்திரரின் பாட்டு, இராகத்தலைவனிடம் கொடுக்கப்பட்டது என்று தலைப்பிட்டு வைத்திருக்கிறார்கள். கோராகின் புத்திரர் என்றால் ஆலயத்தில் பாடிய குலம். தனியாக அழுதுகொண்டு எழுதி மடித்து வைத்த கடிதம் என்றால் அந்தத் தலைப்பு எதற்கு? ஆலயத்தில் ஜனங்களோடு சேர்ந்து பாடக் கொடுத்த பாட்டு அது.

புலம்பல் புத்தகத்தைப் பாருங்கள். ஐந்து அதிகாரம். முதல் நான்கும் எபிரெய எழுத்து வரிசைப்படி கட்டியவை. 22 எழுத்துக்கு 22 வசனம், மூன்றாம் அதிகாரத்தில் மட்டும் எழுத்துக்கு மூன்றாக 66 வசனம். எருசலேம் எரிந்து கிடக்கிறது, தெருவில் பிள்ளைகள் பசியால் விழுகிறார்கள், அந்த நேரத்தில் ஒரு ஆள் எழுத்தை எண்ணி அடி கட்டுகிறான். எரேமியா 9-ஆம் அதிகாரத்தில் கர்த்தர் இன்னும் ஒரு படி மேலே போகிறார். புலம்பத் தெரிந்த பெண்களை ஆள் விட்டுக் கூப்பிடச் சொல்கிறார், உங்கள் மகள்களுக்கு ஒப்பாரி கற்றுக்கொடுங்கள் என்கிறார். ஒப்பாரி என்பது சொல்லிக்கொடுத்து வர வேண்டிய வித்தை என்று வேதமே சொல்கிறது. அந்த வித்தை எங்கள் பகுதியில் இன்னமும் உயிரோடு இருக்கிறது, சாமியானாவுக்குக் கீழே, சட்டியோடு. நாம் ஏன் அதை விரட்டுகிறோம்?

இதை எனக்கு வலிக்க வலிக்கப் புரியவைத்தது 2023 டிசம்பர்.

மிக்ஜாம் புயல் மழையில், டிசம்பர் 4-ஆம் தேதியை ஒட்டி, மணலி தொழிற்சாலைப் பக்கமிருந்து எண்ணெய் வெள்ளத்தோடு கலந்து, பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றுக்கும் எண்ணூர் முகத்துவாரத்துக்கும் வந்தது. என் சித்தி வாழ்க்கைப்பட்டது அங்கேதான். நான் போய்ப் பார்த்தபோது வீட்டுச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஒரு கறுப்புக் கோடு. அதற்குக் கீழே எல்லாமே பிசுபிசு. மண்ணெண்ணெயைத் துணியில் தோய்த்துத் துடைத்தால் கறை அகலமாகிறதே தவிரப் போகவில்லை. சித்தப்பாவின் வலை ஒரு மூலையில் தார் உருண்டையாகக் கிடந்தது. ஆற்றில் மீனவர்களே பக்கெட்டும் மக்குமாக இறங்கி எண்ணெயை அள்ளிக்கொண்டிருந்தார்கள். இறக்கை ஒட்டிப்போன கூழைக்கடா ஒன்று கரையில் நின்றது, பறக்க முயற்சி பண்ணவே இல்லை. சர்வ சிருஷ்டியும் ஏகமாய்த் தவிக்கிறது என்று ரோமர் 8-ல் எத்தனையோ தடவை வாசித்திருக்கிறேன். அந்தப் பறவைக்கு முன்னால் நின்றபோது வாயில் வேறு வசனம் வரவில்லை.

பாதிக்கப்பட்ட 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாயும், 787 படகுகளைச் சரிசெய்யத் தலா 10,000 ரூபாயும் அரசு அறிவித்தது. வலை போச்சு, படகு போச்சு, மீன் வாங்க ஆளில்லை. அந்தப் பணம் எந்த மூலைக்கு? கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள், டிசம்பர் 26 நள்ளிரவு நெருங்கும் நேரத்தில், உரத் தொழிற்சாலைக்கு வரும் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னகுப்பம் ஜனங்கள் கண்ணெரிச்சலோடும் மூச்சுத்திணறலோடும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். 2004-ல் சுனாமி வந்த அதே தேதி.

அந்த மாதம் எங்கள் சபையில் வழக்கம்போல ஆசீர்வாதப் பாட்டுகள் பாடினோம். எண்ணூருக்காக ஆயர் இரண்டு வரி ஜெபித்தார், அரிசியும் போர்வையும் சேர்த்து அனுப்பினோம். அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஆராதனையில் ஒரு பாட்டுகூட அழவில்லை. எங்கள் பாட்டுக் கோப்பைப் புரட்டினேன், அழுகிற பாட்டே அதில் இல்லை.

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனைக்கு சித்தி எங்களோடு வந்திருந்தார். புது வருஷம் பிறந்ததும், அந்த வருஷத்துக்கென்று வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டை எடுப்பது நமக்கெல்லாம் தெரிந்த வழக்கம். தட்டில் கவிழ்த்து வைத்த அட்டைகளில் சித்திக்கு வந்தது ஏசாயா 43:2. “நீ தண்ணீர்களைக் கடக்கும்போது நான் உன்னோடு இருப்பேன், நீ ஆறுகளைக் கடக்கும்போது அவைகள் உன்மேல் புரளுவதில்லை.” பக்கத்தில் இருந்தவர்கள், “பாத்தியா, உனக்குன்னே கர்த்தர் கொடுத்திருக்காரு” என்று சந்தோஷப்பட்டார்கள். சித்தி அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, “பொரண்டுச்சே ஆண்டவரே. ஆறு எங்க மேல பொரண்டுச்சே. நீர் எங்க இருந்தீர்?” என்று சத்தமாகவே கேட்டார். சுற்றி எல்லோரும் வாயடைத்து நின்றார்கள். ஒரு அக்கா அவர் தோளைத் தட்டி, அப்படியெல்லாம் பேசக் கூடாது என்றார்.

எனக்கோ அந்த ராத்திரி முழுவதிலும் ஏறெடுக்கப்பட்ட ஒரே உண்மையான ஜெபம் அதுதான் என்று பட்டது. கடவுளை விட்டுவிட்டவள் அவரிடம் கேள்வி கேட்க மாட்டாள். “என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்” என்று சிலுவையில் கேட்டவரும் 22-ஆம் சங்கீதத்தைத்தான் எடுத்தார். சித்தி அந்த அட்டையை வீசவில்லை, பைபிளுக்குள் வைத்துக்கொண்டார். அதன் முதல் பாதியை நம்புகிறார் என்று நினைக்கிறேன். இரண்டாம் பாதிக்கு இன்னும் பதில் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

போப் பிரான்சிஸ் 2025 ஏப்ரல் 21 அன்று இறந்தபோது அவர் பேசியவற்றை எல்லா சேனலிலும் போட்டார்கள். நான் சிஎஸ்ஐக்காரி, கத்தோலிக்கச் சபை இல்லை, ஆனாலும் உட்கார்ந்து கேட்டேன். 2015 ஜனவரியில் மணிலாவில், தெருவில் வளர்ந்த ஒரு சிறுமி அவரிடம், பிள்ளைகளுக்கு ஏன் இந்தக் கொடுமைகளைக் கடவுள் விடுகிறார் என்று கேட்கும்போதே தேம்பிவிட்டாள். அவர் தயாராக எழுதி வைத்திருந்த பேச்சை ஒதுக்கிவிட்டு அவளை அணைத்துக்கொண்டார். பதிலே இல்லாத கேள்வியைக் கேட்டவள் இவள் ஒருத்திதான் என்றார், நாம் அழக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். எரேமியாவில் இருப்பதும் அதேதான், கற்றுக்கொடுங்கள் என்று.

அழுகையோடு எல்லாம் முடிந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. எண்ணூரில் அமோனியாவுக்குப் பிறகு பெண்கள் வாரக்கணக்கில் பந்தலில் உட்கார்ந்து போராடினார்கள். அந்தப் பந்தலுக்குப் போனவர்களுக்குத் தெரியும், முதலில் தன் பிள்ளையின் மூச்சுத்திணறலைச் சொல்லி அழுகிறவள்தான் அடுத்த நிமிஷம் மைக்கைப் பிடித்து அதிகாரியிடம் கணக்குக் கேட்பாள். அழ விடாத இடத்தில் யாரும் நியாயம் கேட்கவும் மாட்டார்கள். எங்கள் சபை எண்ணூருக்கு அரிசி அனுப்பியது, பந்தலுக்கு ஆள் அனுப்பவில்லை. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்றுதான் நினைக்கிறேன்.

இப்போது பாடகர் குழுவில் நாங்கள் சிலர் சேர்ந்து ஆயரிடம் ஒன்று கேட்டிருக்கிறோம். டிசம்பர் 26 சாயந்தரம் ஒரு புலம்பல் ஆராதனை. சுனாமியில் போனவர்களின் பெயரை அவரவர் வீட்டார் வந்து வாசிக்கட்டும். எண்ணூரிலிருந்து வருகிறவர்கள் அவர்கள் பாஷையிலேயே பேசட்டும். 13-ஆம் சங்கீதத்துக்கு நாங்களே மெட்டுப் போடுகிறோம். பெரியப்பாவுக்குப் பாடிய அந்தத் தம்பி, சட்டியோடு, பீடத்துக்கு முன்னால் உட்கார்ந்து பாடட்டும். ஆயர் சரி என்றுவிட்டார். கமிட்டியில் மட்டும், தம்பி பாடப்போகும் வரிகளை முன்கூட்டியே எழுதிக் காட்ட வேண்டும் என்கிறார்கள். எழுதிக் காட்டுகிறோம். கூடவே 88-ஆம் சங்கீதத்தையும் நகல் எடுத்துக் கொடுக்கிறேன், இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசிக்கட்டும். சித்தியும் வருகிறேன் என்றிருக்கிறார்.