சதுர அடி என்ன ரேட்?

மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமம், என் மாமனார் ஊர். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது கோயிலை ஒட்டி இருந்த ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை ஒரே ராத்திரியில் போய்விட்டது. அதற்கப்புறம் அங்கே காதுகுத்தோ கருமாதியோ எல்லாம் சாமியானா பந்தல்தான். போன வருஷம் ஒருவழியாகப் பணம் சேர்ந்து, 2,400 சதுர அடியில் ஒரு சமுதாயக் கூடம் கட்டலாம் என்று ஊர்க் கமிட்டி முடிவு செய்தது. இருபது வருஷம் கான்ட்ராக்டர்களிடம் சைட் இன்ஜினியராக இருந்துவிட்டு இப்போது எஸ்டிமேட் போட்டுக் கொடுத்துக் காலம் தள்ளுகிற ஆள் நான். அதனால் "நம்ம மாப்பிள்ளையைக் கூப்பிடுங்க" என்று கூப்பிட்டுவிட்டார்கள்.

முதல் கேள்வி எல்லா ஊரிலும் கேட்கிற கேள்விதான். "சதுர அடி என்ன ரேட்டுக்கு விடலாம் மாப்ளே?"

சதுர அடி ரேட் என்பது மொத்தமாகப் பேசிவிடுவது, லம்ப்சம். எவ்வளவு ஆகும் என்று முதலிலேயே தெரிந்துவிடும், நிம்மதிதான். ஆனால் படம் முழுசாகத் தயாராக இருக்க வேண்டும், என்ன டைல்ஸ், என்ன கதவு, எத்தனை ஃபேன் பாயிண்ட் என்பது வரைக்கும் எழுதி இருக்க வேண்டும். எழுதாமல் விட்டதெல்லாம் பின்னால் எக்ஸ்ட்ராவாக வரும், எழுதாததைக் கான்ட்ராக்டரே முழுங்குவார் என்று நினைத்தால் அதைத் தரத்தில் கழித்துவிடுவார். அதற்கு மேல் ஒன்று உண்டு: மண்ணுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாத இடத்தில் லம்ப்சம் போட்டால், நேர்மையான ஆள் பயந்து ரேட்டை ஏற்றுவார், மற்றவர் குறைவாகப் போட்டு வேலையைப் பிடித்துக்கொண்டு பாதியில் நிறுத்தி நம்மிடம் பேரம் பேசுவார். திருவாரூர் பக்கம் ஒரு வீட்டு வேலையில் இதைக் கண்ணால் பார்த்தேன். குழிக்குள் தண்ணீர் ஊறி நிற்க, மோட்டார் வாடகை யார் தருவது என்ற சண்டையில் நாற்பது நாள் போனது. அக்ரிமென்டில் தண்ணீர் என்ற வார்த்தையே இல்லை.

டெல்டாவில் இது சின்ன விஷயம் இல்லை. களிமண், மேலேயே நிற்கிற நீர்மட்டம், எப்போதோ தூர்ந்துபோன குளம் குட்டை வாய்க்கால். மனை மேலே பார்த்தால் சமமாகத்தான் இருக்கும்.

அதனால் அயிட்டம் ரேட்டுக்குப் போகலாம் என்றேன். மண் வெட்டுவது ஒரு கன மீட்டருக்கு இவ்வளவு, கான்கிரீட் இவ்வளவு, கம்பி கிலோவுக்கு இவ்வளவு என்று தனித்தனியாக ரேட் வாங்கி, நடந்த வேலையை அளந்து பணம் கொடுப்பது. அளவு கூடினால் நமக்குச் செலவு, குறைந்தால் நமக்கு மிச்சம். ஆனால் அளக்க ஆள் வேண்டும், அதுவும் டேப்பைப் பிடிக்கத் தெரிந்த, கான்ட்ராக்டர் வாங்கித் தருகிற டீயில் மயங்காத ஆள்.

கமிட்டித் தலைவருக்கு இது பிடிக்கவில்லை. "கவர்மென்ட்ல பர்சன்டேஜ்தானே போடுறாங்க?" என்றார். அவர் சொல்வதும் சரிதான். அரசு அட்டவணை ரேட்டில் எஸ்டிமேட் போட்டு, அதற்கு எத்தனை சதவீதம் கூட, எத்தனை சதவீதம் "லெஸ்" என்று மட்டும் கேட்பது ஒரு முறை. ஆனால் அங்கே பின்னால் ஒரு இலாகாவே நிற்கிறது. 1998 டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் இருக்கிறது, 2 கோடி வரைக்கும் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம் தர வேண்டும் என்ற விதி இருக்கிறது, அளந்ததைப் பதிவு செய்கிற எம்-புக் எழுத ஆள் இருக்கிறது. நம்மிடம் இருப்பது ஒரு நோட்டும் ஒரு ரசீது புக்கும்.

சரி என்று மூன்று பேரிடம் மூடிய கவரில் அயிட்டம் ரேட் வாங்கினோம். பிள்ளையார் கோயில் திண்ணையில் வைத்து எல்லார் முன்னாலும் பிரித்தோம். குறைந்த ரேட் போட்டவர் இரண்டாவது ஆளைவிட 15,000 ரூபாய் கம்மி. தலைவர் வெற்றிலைத் தட்டை எடுக்கவே போய்விட்டார். நான்தான் கொஞ்சம் பொறுங்க மாமா என்று இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

அஸ்திவாரக் குழி வெட்டுவதற்கு இரண்டாவது ஆள் கன மீட்டருக்கு 350 போட்டிருந்தார். குறைந்த ரேட் ஆள் 900. பெயிண்டுக்கு இரண்டாவது ஆள் சதுர மீட்டருக்கு 190, குறைந்த ரேட் ஆள் 100. மற்ற அயிட்டங்களைக் கூட்டினால் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே தொகை. என் எஸ்டிமேட்டில் குழி 120 கன மீட்டர், அதாவது இருபது புட்டிங் (தூணுக்கு அடியில் வருகிற அஸ்திவாரம்), ஐந்தடி ஆழம். பெயிண்ட் 900 சதுர மீட்டர். குழியில் 66,000 கூட, பெயிண்டில் 81,000 கம்மி, அந்த 15,000 இப்படி வந்ததுதான்.

பெயிண்டில் கையைச் சுட்டுக்கொண்டு குழியில் ஏன் ஏற்றுகிறார்? முதலில் நடக்கிற வேலைக்கு முதலில் பணம் வரும், அது ஒரு காரணம். பழைய தந்திரம், நானே என் முதலாளிகளுக்காகப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஆனால் 900 என்பது அதற்கும் அதிகம். ஆழம் கூடும் என்று இந்த ஆளுக்குத் தெரிந்திருக்கிறது. குழி ஐந்தடிக்குப் பதிலாகப் பத்தடி போனால் 240 கன மீட்டர், அப்போது குழியில் மட்டும் 1,32,000 கூட. பெயிண்டில் விட்டதைக் கழித்தாலும், குறைந்த ரேட் ஆள் 51,000 கூடுதலான ஆள் ஆகிவிடுகிறார்.

அவரையே கூப்பிட்டுக் கேட்டேன். மனிதர் மறைக்கவில்லை. "சார், டீக்கடையில் ஒரு பெரியவர் சொன்னார், அந்த மேற்கு மூலையில் அவர் சின்னப் பிள்ளையில் மாடு குளிப்பாட்டுவாராம்." கமிட்டியில் ஏழு பேர், ஒருத்தருக்கும் ஞாபகம் வரவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. சோதனைக் குழி போடாமல் எஸ்டிமேட் போட்டது முழுக்க என் தப்பு, இதை இங்கே எழுதிவிடுகிறேன்.

மறுநாள் ஜேசிபி வைத்து நான்கு மூலையிலும் குழி போட்டோம். கிழக்கில் நான்கடியிலேயே நல்ல கெட்டி மண். மேற்கில் எட்டடி வரைக்கும் கருஞ்சேறு, பாசி வாடை, ஓட்டுச் சில்லு, நத்தைக் கூடு.

அப்புறம்தான் டெண்டரை இரண்டாகப் பிரித்தோம். அஸ்திவாரத்திலிருந்து பேஸ்மென்ட் பெல்ட் (சுவருக்கு அடியில் சுற்றி வருகிற கான்கிரீட் பட்டை) வரைக்கும் அயிட்டம் ரேட், அளந்து பணம், தண்ணீர் இறைப்பது மணிக்கணக்கில் தனி அயிட்டம். அதற்கு மேலே சுவர், ரூஃப், பூச்சு, பெயிண்ட் எல்லாம் லம்ப்சம், ஏனென்றால் அங்கே தெரியாதது எதுவும் இல்லை, படத்தில் இருக்கிறது. சிமென்டும் கம்பியும் கமிட்டியே வாங்கித் தருவது. முன்பு பொதுப்பணித்துறையில் இப்படித்தான் ஸ்டோரிலிருந்து கொடுத்தார்கள். வேஸ்டேஜ் தலைவலி நமக்கு வரும், ஆனால் பிராண்ட் விஷயத்தில் ராத்திரி தூக்கம் வரும்.

ஒரு உறுப்பினர் "டெண்டரே எதுக்கு, குடிமராமத்து மாதிரி நாமே செய்யலாமே" என்றார். 2017-ல் அந்தத் திட்டத்தில் பாசனதாரர் சங்கங்களே 10 சதவீதம் தங்கள் பங்காகப் போட்டு வாய்க்கால், ஏரி வேலைகளை எடுத்துச் செய்தார்கள். யோசனை தப்பில்லை. வாய்க்கால் கரை சரிந்தால் அடுத்த வருஷம் சரி செய்யலாம், ரூஃப் ஸ்லாபை அப்படிச் செய்ய முடியாது என்று சொல்லி விட்டுவிட்டேன்.

காலத்தையும் டெண்டரிலேயே எழுதினோம். ஜனவரி 28-ல் மேட்டூரை மூடுவது, ஜூன் 12-ல் திறப்பது என்ற வழக்கத்தை ஒட்டித்தான் இங்கே மண்ணுக்குள் தண்ணீர் இறங்குவதும் ஏறுவதும். பாமணியாற்றில் தண்ணீர் வருவதற்குள் அஸ்திவாரம் மேலே வந்துவிட வேண்டும். ஐப்பசியில் டெண்டர் விட்டுக் கார்த்திகையில் குழி வெட்டச் சொன்னால் எந்த முறையில் விட்டாலும் குழிக்குள் மீன்தான் பிடிக்கலாம். மார்கழியில் கவர் பிரித்தோம், தையில் குழி.

இரண்டாவது முறையும் குறைந்த ரேட் அதே ஆள்தான். இந்தத் தடவை குழிக்கு 380, பெயிண்டுக்கு 185. அவருக்கே கொடுத்தோம். டீக்கடையில் விசாரித்துவிட்டு ரேட் போடுகிற ஆளை நான் ஏன் விட வேண்டும்? குழி கடைசியில் 186 கன மீட்டர் வந்தது. என் மாமனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு புட்டிங்கிலும் இறங்கி டேப் பிடித்தார்.

இப்போது சுவர் லிண்டல் மட்டத்தில், அதாவது கதவு ஜன்னலுக்கு மேல்மட்டத்தில் நிற்கிறது. நேற்று தலைவர் போன் செய்தார், மாடிப்படிக்குக் கீழே பாத்திரம் வைக்க ஒரு ரூம் போட்டால் என்ன என்று. லம்ப்சம் பகுதியில் இப்போது தொட்டால் அது எக்ஸ்ட்ரா, முதலில் கான்ட்ராக்டரிடம் ரேட்டை எழுத்தில் வாங்குங்கள் மாமா என்றேன். "ஒரு சுவர்தானே மாப்ளே" என்கிறார். ஞாயிற்றுக்கிழமை போக வேண்டும்.