இடது ஸ்பீக்கரில் ஒருவர், வலது ஸ்பீக்கரில் ஒருவர்

ஃப்ளையிங் புரிட்டோ பிரதர்ஸ் என்ற அமெரிக்கக் குழுவின் முதல் ஆல்பம், 'தி கில்டட் பேலஸ் ஆஃப் சின்', மறுபதிப்பு எல்.பி. இசைத்தட்டாகக் கைக்கு வந்துவிட்டது. விலையை இங்கே எழுதினால் வீட்டில் சோறு கிடைக்காது, விட்டுவிடுகிறேன்.

பேர்ட்ஸ் குழுவிலிருந்து வெளியே வந்த கிராம் பார்சன்ஸும் கிறிஸ் ஹில்மனும் சேர்ந்து ஆரம்பித்த குழு இது. 1969இல் ஆல்பம் வெளியானபோது பில்போர்டு ஆல்பம் தரவரிசைப் பட்டியலில் 164ஆம் இடத்தோடு நின்றுவிட்டது. இன்றைக்குக் கண்ட்ரி ராக், அதாவது அமெரிக்க நாட்டுப்புறச் சாயல் கொண்ட கண்ட்ரி இசையும் ராக்கும் கலந்த வகை, என்று யார் பேச்செடுத்தாலும் இதைத் தொடாமல் போவதில்லை. அன்றைக்கு வாங்கத்தான் ஆளில்லை.

அட்டையைச் சொல்லியாக வேண்டும். பாலைவனத்தில் நால்வரும் நூடி கோன் கடையில் தைத்த உடுப்போடு நிற்கிறார்கள். கண்ட்ரி பாடகர்களுக்கு ஜிகினாவும் எம்பிராய்டரியுமாக மேடை உடை தைத்துக் கொடுத்த பிரபலமான கடை அது. பார்சன்ஸ் தன் உடையில் போடச் சொன்னதோ கஞ்சா இலை, கசகசாப் பூ, மாத்திரைகள். போதாததற்கு முதுகில் சிலுவை! சிடி அட்டையில் இதெல்லாம் வெறும் வண்ணப் புள்ளிகளாகத்தான் தெரிந்தன. 12 அங்குல அட்டையில் மார்பின் மேல் படர்ந்து ஏறும் இலைகளைத் தனித்தனியாகப் பார்க்க முடிகிறது. குழுவில் பெடல் ஸ்டீல் கிடார் வாசித்த ஸ்னீக்கி பீட் கிளைனோவின் சட்டையில் மட்டும் டெரோடாக்டைல், டைனோசர் காலத்துப் பறக்கும் பிராணி. பொம்மைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் படமெடுக்கும் ஸ்டாப் மோஷன் அனிமேஷன் வேலையும் அவருக்கு உண்டு, அந்தப் பாதிப்போ என்னவோ.

நான் காசு கொடுத்தது அட்டைக்காக அல்ல. முதல் பாட்டிலேயே ஹில்மன் ஒரு ஸ்பீக்கரில், பார்சன்ஸ் இன்னொன்றில். இரண்டு குரலும் பிரிந்து நின்று பாட, அறையின் நடுவில்தான் ஒன்று சேர்கின்றன. போனில் கேட்டால் எல்லாம் கலந்து கஞ்சியாகிவிடும். ஸ்பீக்கர்களைச் சுவரிலிருந்து கொஞ்சம் முன்னால் இழுத்து வைத்துக் கேட்டுப் பாருங்கள்.

பெடல் ஸ்டீல் என்பது படுக்கவைத்து, கம்பிகளின் மேல் உலோகத் துண்டை வழுக்கி வாசிக்கும் கிடார். அது என்றாலே இழைந்து அழுகிற சத்தம் என்று நினைப்போம். கிளைனோ அதை ஒலியைக் கரகரப்பாக்கும் ஃபஸ் பாக்ஸில் செருகிவிட்டார்! எலெக்ட்ரிக் கிடாரே உறுமுகிறதோ என்று சந்தேகம் வரும். நிரந்தர டிரம்மர் இல்லாத குழு, அதனால் பாட்டுக்குப் பாட்டு தாளத்தின் கனம் மாறுகிறது. எனக்கு அது குறையாகப் படவில்லை.

டான் பென், சிப்ஸ் மோமன் எழுதிய இரண்டு சோல் (கறுப்பின அமெரிக்கர்களிடம் பிறந்த இசை வகை) பாடல்களைக் கொஞ்சமும் கூச்சமில்லாமல் கண்ட்ரியாக்கிப் பாடியிருக்கிறார்கள். 'மை அங்கிள்' பாட்டில் ராணுவத்துக்கு அழைப்பு வந்த இளைஞன் வான்கூவருக்கு ஓடிவிடலாமா என்று யோசிக்கிறான். வியட்நாம் போர்க் காலத்துப் பாட்டு, ஆனால் மெட்டு என்னவோ திருவிழா மெட்டு. 'ஹாட் புரிட்டோ #1'இல் பார்சன்ஸின் குரல் உடைகிற இடங்களை யாரும் திருத்தாமல் விட்டது நம் அதிர்ஷ்டம்.

கடைசியில் வரும் 'ஹிப்பி பாய்' எனக்கு ஒத்துவரவில்லை. ஹில்மன் பாடாமல் பேசிக்கொண்டே போகிறார். அது ஆரம்பித்ததும் எழுந்துபோய் ஊசியைத் தூக்கி, தட்டைத் திருப்பிப் போட்டுவிடுகிறேன்.